ஜாடியில் வந்த சட்டை

போர்ட் பீரி ஊர் அருங்காட்சியகத்தில்
செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்கு
மடக்கு மேசை ஒன்றை விரிப்பேன்.
"இது என்ன சிலந்தி?"
அட்டையை நிமிர்த்தி வைப்பதற்குள்
முதல் ஜாடி வந்துவிடும்.

வேர்க்கடலை வெண்ணெய் ஜாடி, மாத்திரை டப்பா,
ஒருமுறை, மோதிரம் வாங்கிய வெல்வெட் பெட்டி.
மூடியில் துளை போட்டவர்கள் சிலர்.
போடாதவர்களே அதிகம்.

டெஸ்மண்ட் ஓட்ஸ் கொண்டுவருவது எப்போதும்
கொலைகாரிதான்.
முதுகைப் பார் டெஸ், என்பேன்.
பட்டாணிக் கறுப்பு, அதன்மேல் சிவப்புக் கோடு,
அவசரத்தில் யாரோ பிரஷ்ஷை இழுத்துவிட்டுப் போனதுபோல்.
அதுதான் செம்முதுகு.
தபால் பெட்டிக்குள் இருக்கும்,
தோட்டத்து நாற்காலிக்கு அடியில்,
சிக்குப் பிடித்த நூல்கண்டை வலை என்று சொல்லிக்கொண்டு.
உன் ஜாடியில் இருப்பவள் வேறு.
சன்னல் மூலையில் புனல் வைத்துச் சரிகை தைக்கிற
கறுத்த வீட்டுக்காரி.
உன்னைக் கண்டால் உள்ளே ஓடுகிறவள்.
அவன் முகம் வாடிவிடும்.
ஆபத்தில்லை என்பது
சிலருக்குக் கெட்ட செய்தி.

கெர்ரி-ஆன் ஜாடி கொண்டுவருவதில்லை.
விரல்களைத் தொங்கவிட்டுக் குலுக்கிக் காட்டுவாள்:
தொட்டால் இப்படி, இப்படி,
ஆடி ஆடிக் கலங்கலாகிப் போகிறது.
நெட்டைக்கால். கழிவறைக் கூரையின் நிரந்தரக் குடித்தனம்.
அந்த நூல் கால்களோடு
செம்முதுகையே கட்டித் தின்னும்.
ஒட்டடைக் கம்பை எடுக்குமுன் ஒருமுறை யோசி.

வெள்ளை வாலைப் பற்றிக் கேட்பவர்கள் மட்டும்
குரலைத் தாழ்த்துவார்கள்.
சாம்பல் சுருட்டு உடம்பு, நுனியில் ஒரு பொட்டு.
மச்சானின் கூட்டாளிக்குச் சதை அழுகியதாம்.
கடித்ததைக் கையோடு பிடித்துவந்து
மருத்துவர்கள் பார்த்த கணக்கில்
வலி உண்டு, சிவப்பு உண்டு, அரிப்பு உண்டு,
அழுகல் இல்லை.
சொல்கிறேன். நம்புவதில்லை.
தரையில் கிடக்கும் துவாலையை உதறிவிட்டுத் துடையுங்கள் என்றால்
அதற்கு மட்டும் தலையாட்டுகிறார்கள்.

பிப்ரவரி. நாற்பத்து மூன்று டிகிரி.
நுன்சியா காபூர்சோ ஐஸ்கிரீம் டப்பாவோடு வந்தாள்,
நான்கு பக்கமும் டேப் ஒட்டி.
செத்துவிட்டது, என்றாள்.
வெள்ளிக்கிழமை மருந்து அடித்தேன்,
சனிக்கிழமை திரைக்குக் கீழே கிடந்தது.
தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

டேப்பைப் பிரித்தேன்.
உள்ளங்கையை மீறிய கால்கள்,
நண்டின் கால்கள்போல் பக்கவாட்டில் பரந்து.
வேட்டைக்காரன். வலை கட்டாதவன்.
ஆனால் என் மூச்சுக் காற்றுக்கே
டப்பாவுக்குள் அது நகர்ந்தது.

முன்பக்கம் மூடி திறந்து கிடந்தது.
கண்கள் இருந்த இடத்தில்
நான்கும் நான்குமாய்க் கண்ணாடிச் சில்லுகள்.
உள்ளே ஆள் இல்லை.

பிணம் இல்லை அம்மா இது. சட்டை.

சட்டையா?

கழற்றிப் போட்டிருக்கிறது.
எட்டுக் கால்களையும் எட்டுக் கையுறைகளிலிருந்து
ஒவ்வொன்றாய் உருவிக்கொண்டு.

அப்படியானால் அது எங்கே?

உங்கள் வீட்டில்தான்.

எவ்வளவு பெரிசு?

நான் டப்பாவைப் பார்த்தேன்.
இது பத்தாமல் போனதால்தானே கழற்றியது, என்றேன்.

நுன்சியா வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்தாள்.
ஈய உலைப் புகைபோக்கி சன்னலில் நின்றது.
மூன்று ராத்திரி, என்றாள்,
மூன்று ராத்திரி அடித்துப் போட்டதுபோல் தூங்கினேனே.
பிறகு, என்னிடம்தான் என்றில்லாமல்:
அந்தத் தூக்கம் செல்லுமா, செல்லாதா?

அட்டையில் அந்தக் கேள்வி இல்லை.

அடுத்த செவ்வாய் வெறுங்கையோடு வந்தாள்.
சட்டையைத் திருப்பித் தர முடியுமா?
எதற்கு?
அளவு பார்க்க, என்றாள்.
சமையலறைக் கடிகாரத்துக்குப் பின்னால் இருக்கிறது.
நான்குக்கு ஒரு கால் நீட்டியிருக்கிறது,
ஏழுக்கு ஒரு கால்.
இப்போதெல்லாம் மணி தெரிய
இரண்டு தடவை பார்க்க வேண்டியிருக்கிறது.